கடலை மாவில் செத்த புழு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குப் பல்வலியோடு வந்தது. பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது, பக்கத்து நாற்காலிப் பெண் போனில், “புழு மேல தப்பில்ல, மருந்து மேலயும் தப்பில்ல, எல்லாம் செடி பண்ற வேலை” என்றாள். அதற்குள் அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு மீதியை நானே அளந்துவிடுகிறேன்.

2

“நுண்ணுயிர்கள் ஆதிகாலந்தொட்டே மனிதனுக்கு...” வேண்டாம், எனக்கே கொட்டாவி வருகிறது.

“புழு நிமிர்ந்து பார்த்தது.” புழு எங்கே நிமிரும்?

ஒழுங்காக ஆரம்பிக்கிறேன். கதையில் ஒரு தங்கை, ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவள் கட்டிக்கொண்டு அழுவது ஒரு பாக்டீரியாவை. அதைத் தின்ற புழுவின் குடல் பொத்தலாகிவிடும். மனிதர்களை அது ஒன்றும் செய்யாது. [இங்கே ஒரு பக்கம் அறிவியல் எழுதிக் கிழித்துப் போட்டேன். நன்றி சொல்லுங்கள்.]

அவளுடைய அக்காவும் மாமாவும் பருத்தி போட்டிருக்கிறார்கள். போன வருஷம் மாமா பூச்சிமருந்து அடித்தபோது அக்காவுக்கு மூச்சு இரைத்து, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. “இனிமே அந்தச் சனியனைத் தொடமாட்டேன்” என்றார் மாமா. “என் பாக்டீரியாவை அடிங்க மாமா, நான் பொறுப்பு” என்றாள் தங்கை.

3

முதலில் அவளைத் தலைக்கனம் பிடித்தவளாகத்தான் எழுதினேன். நாலு வரி தாண்டவில்லை. அக்காவுக்காக இந்த ஓட்டம் ஓடுகிறவளிடம் தலைக்கனத்தை எங்கே ஒட்டுவது? நல்லவள்தான். கொஞ்சம் அவசரக்காரி.

வயலில் மாமா ஒரு இலையைத் திருப்பி, அடியில் இருந்த புழுவைக் காட்டினார்.

“இங்க பாரு. உன் மருந்தைத் தின்னுட்டு உடம்பு தேறியிருக்கு.”

“சாயங்காலமாத்தானே அடிச்சீங்க? வெயில் பட்டா வேலை செய்யாது மாமா.”

“நீ சொன்ன மாதிரியேதான் அடிச்சேன். காயெல்லாம் ஓட்டை. இப்படியே விட்டா குச்சிதான் மிஞ்சும்.”

மோட்டார் ரூமில் பிரிக்காத பூச்சிமருந்து டப்பா ஒன்று இருந்தது. அவள் அதைப் பார்த்ததை மாமாவும் பார்த்துவிட்டார்.

“சும்மா வாங்கி வெச்சிருக்கேன்” என்றார். அவள் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

[மாமாவைத் திட்டாதீர்கள். உழைத்ததெல்லாம் கண்ணெதிரே ஓட்டையாவதை நீங்களும் நானும் பார்த்ததில்லை.]

4

தங்கை ஒரு பை நிறையப் பருத்தி இலையோடு ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினாள். ஒரே மருந்தை, ஒரே அளவில், அங்கே புழுக்களுக்கு வைக்கும் கூழிலும் கலந்தாள், இலையிலும் தடவினாள். கூழ் தின்ற புழுக்கள் செத்தன. இலை தின்றவை பெரும்பாலும் ஜாலியாக ஊர்ந்துகொண்டிருந்தன.

அங்கே எல்லாருமே சின்னக் கிண்ணங்களில் கடலை மாவுக் கூழ் ஊற்றித்தான் புழு வளர்ப்பார்கள். இலை வாடிவிடும், கூழ் கெடாது. அவளும் அந்தக் கூழில்தான் இத்தனை நாள் மருந்தைச் சோதித்திருந்தாள். கடலை மாவில் செத்ததைப் பார்த்துவிட்டுப் பருத்திக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

பருத்தி இலையில் ஒரு துவர்ப்பு உண்டு. புழு கடிக்கக் கடிக்க, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செடி அதைக் கூட்டிக்கொண்டே போகும். அந்தத் துவர்ப்பு பாக்டீரியாவின் நஞ்சைப் பிடித்து வைத்துக்கொண்டு, புழுவின் குடலில் வேலை செய்ய விடுவதில்லை. பாவம் செடி. உதவிக்கு வந்தவன் கையைக் கட்டிப்போட்டுவிட்டு எதிரியோடு தனியாக மல்லுக்கட்டுகிறது. [குடும்பங்களிலும் இப்படித்தான் என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். அது உங்களுக்கே தோன்றும்.]

முட்டை பொரித்த உடனே பிடித்த குட்டிப் புழுக்களைத் துவர்ப்பு ஏறாத தளிர் இலையில் விட்டு, மருந்தையும் கூட்டிப் பார்த்தாள். பாதி செத்தன.

5

முதல் முடிவில் அந்தப் பாதி முழுசாகிறது, பருத்தி வெள்ளையாக வெடிக்கிறது, எல்லாரும் சிரிக்கிறார்கள். எழுதிய நானே நம்பவில்லை.

இரண்டாவதில் மாமா டப்பாவைத் திறக்கிறார். அக்கா... இல்லை. ஒரு பெண்ணை மூச்சுத் திணற வைத்து உங்களை அழவைப்பது சுலபம். எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாவதில் தங்கை மாமாவுக்குப் போன் போடுகிறாள். எடுத்தது அக்கா.

“அவர் வயல்ல இருக்காரு. எங்கிட்டயே சொல்லு. உன் மருந்து கேக்குமா, கேக்காதா?”

“குட்டிப் புழுவா இருக்கும்போது, தளிர்ல, கொஞ்சம் கூடுதலா அடிச்சா...”

“சுத்தி வளைக்காதடி. கேக்கும்னு சொல்லு, அவரைப் பிடிச்சு நிறுத்தறேன். இல்லேன்னா நாளைக்கே அந்த டப்பாவை அடிக்கட்டும். நான் உன் வீட்ல வந்து இருந்துக்கறேன்.”

“அப்புறம் அந்த மருந்து அடிச்ச வயல்ல பஞ்சு எடுக்க?”

“நான்தான் இறங்கணும், வேற யாரு? பயிர் போச்சுன்னா அந்த மனுஷன் ஒடிஞ்சிடுவாருடி. எனக்கு மூச்சுதானே.”

“கேக்கும்” என்று எழுதிப் பார்த்தேன், பாதிப் பொய். “தெரியலக்கா” என்று எழுதிப் பார்த்தேன்; டப்பா திறக்கிற சத்தம் எனக்கே கேட்டது. அவளுக்காகப் பதில் சொல்ல எனக்கு வாயில்லை. எனக்குப் பருத்தியும் கிடையாது, அக்காவும் கிடையாது. உங்களுக்கு இருந்தால் நீங்கள் எழுதுங்கள். அக்கா லைனில் இருக்கிறாள்.

“அக்கா, நான்...”