மூன்றாவது கட்டத்தில் ஒரு டிக்

போக்குவரத்து அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில் ஒரு புகைப்படமும் மூன்று கட்டங்களும் இருந்தன. புகைப்படத்தில் அப்பாவின் சாம்பல் நிறக் கார், சிக்னல் விளக்கு சிவப்பாக எரிய, நிறுத்தக் கோட்டைத் தாண்டி நட்டநடுச் சந்திப்பில் இருந்தது. எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்பதுதான் வீட்டில் இப்போது கேள்வி.

முதல் கட்டம், குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது. சுலபம்தான். ஆனால் எழுபது வயது தாண்டியவர் ஒப்புக்கொண்டால், போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் அவர்கள் முன்னால் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இரண்டாவது, எதிர்த்து வாதாடுவது. அதற்கும் அவரே நேரில் போய், அந்தப் புகைப்படத்தைப் பார்த்து விளக்கம் சொல்ல வேண்டும். மூன்றாவது, ஓட்டியது வேறொருவர் என்றால் அவர் பெயரை எழுதுவது. அந்த வேறொருவருக்கு இது முதல் தவறு என்றால் அரை நாள் வகுப்பில் உட்கார்ந்து எழுந்தால் போதும், விஷயம் முடிந்தது.

"பச்சைதான் எரிஞ்சுது. கேமராவுக்குத்தான் கோளாறு" என்றார் அப்பா.

முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர். லைசென்ஸில் ஒரு கரும்புள்ளி விழுந்ததில்லை. டிப்போவில் அவருக்குப் பட்டப்பெயரே 'சுத்தம்'. ஓய்வு பெற்றுப் பத்து வருஷத்துக்கு மேலாகியும் பழைய கூட்டாளிகள் ஃபோனில் "என்னப்பா சுத்தம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அம்மா போன பிறகு அவருக்கு மிஞ்சியது அந்தப் பெயரும் அந்தக் காரும்தான். மகளுக்கு அது நன்றாகத் தெரியும்.

மகள் கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். பார்வை சோதிப்பவளும் அவளே. வருஷா வருஷம் அப்பாவின் லைசென்ஸுக்கான பார்வைச் சான்றிதழில் கையெழுத்துப் போடுபவளும் அவளே. வினை அங்கேதான் பிடித்தது. அப்பா தினமும் மாலை கடைக்கு வந்து சோதனை நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிப்பார். எதிர்ச் சுவரில் எண்கள் எழுதிய பலகை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அது அழுக்காகிவிட்டதென்று அவள் வேறொரு பலகை மாட்டினாள். மறுநாள் அப்பாவுக்குச் சோதனை. கடைசி வரியை அவர் தயங்காமல் சொன்னார்: "ஏழு, நாலு, ரெண்டு, ஒம்பது." அது பழைய பலகையின் வரி. அவர் ஏமாற்றவில்லை. மனப்பாடமாகிப் போனதைக் கண்ணால் பார்ப்பதாகவே நம்பினார், பாவம்.

அவள் அன்று என்ன செய்திருக்க வேண்டும் என்று தெருவில் போகிறவனைக் கேட்டாலும் சொல்லுவான். அவளோ பழைய பலகையைத் துடைத்து மறுபடி மாட்டினாள். கையெழுத்தும் போட்டாள். பெற்றவரிடம் "உங்களுக்குக் கண் போச்சு" என்று சொல்ல நாக்கு எழவில்லை. பக்கத்துத் தெருவுக்குத்தானே ஓட்டுகிறார் என்று மனசைச் சமாதானம் செய்தாள். கோழைத்தனத்துக்குப் பாசம் என்று பெயர் வைப்பதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது.

மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டுத் தன் பெயரை எழுதினாள்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றார் அப்பா. "உனக்குத்தான் அரை நாள் வீணாப் போகுது."

"பரவால்லப்பா. கொஞ்ச நாளைக்கு வண்டிய எடுக்காம இருங்களேன்."

"ஏன்?"

பதில் வாய் வரைக்கும் வந்தது. "சும்மாதான்" என்றாள்.

அடுத்த மாதம், ஒரு சனிக்கிழமை, வகுப்புக்கு அவள் பஸ்ஸில் போனாள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருபது பேர். வாசலிலேயே எல்லோருடைய ஃபோனையும் அணைத்து ஒரு தட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். தொண்டை கட்டிய பயிற்சியாளர், சிவப்பில் போனவர்களைக் கை தூக்கச் சொன்னார். அவளும் தூக்கினாள்.

"ஏம்மா, விளக்கப் பாக்கலையா?"

"கவனிக்கல சார்."

"நான் நல்லா பாத்துட்டுத்தான் போனேன்" என்றான் பக்கத்து நாற்காலிக்காரன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

நடுப்பகலில் வகுப்பு முடிந்து, கலந்துகொண்டதற்கான தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஃபோனை உயிர்ப்பித்தாள். அப்பா குரல் பதிவு அனுப்பியிருந்தார். "மழையில நனையாத. நான் காரை எடுத்துக்கிட்டு வர்றேன்." அதற்குப் பிறகு தெரியாத எண்ணிலிருந்து ஒன்பது அழைப்புகள். அது காவல் நிலையத்து எண்.

அப்பாவின் கார் மோதியது சலவைக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் மேல். சாலையைக் கடக்கும் கோட்டில்தான் நடந்திருக்கிறாள், குடை பிடித்துக்கொண்டு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

காவல் நிலையத்தில் அப்பா கைகளை முழங்காலுக்கு நடுவே வைத்து உட்கார்ந்திருந்தார். எதிர்ப் பெஞ்சில் அந்தப் பெண்ணின் கணவன். வளைந்துபோன குடை அவன் மடியில் இருந்தது. மகளுக்கு அவனைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அதிகாரி கணினியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். நல்ல மனிதர், அதுதான் கொடுமை. "முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டியிருக்கார், ஒரு புள்ளி கிடையாது. இந்தக் கார் மேல ஒரு சிக்னல் கேஸ் இருக்கு. ஆனா அது உங்க பேர்லம்மா. மழை, வழுக்கல்னுதான் எழுதற மாதிரி இருக்கு."

"பெரியவருக்குக் கண்ணு நல்லாத் தெரியுமா?" என்று கேட்டான் கணவன். குரலில் கோபமே இல்லை.

"எம் பொண்ணக் கேளுங்க" என்றார் அப்பா. "அவதான் டெஸ்ட் பண்றா. கடைசி வரி வரைக்கும் படிப்பேன்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்பா மாலைக்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். அதிகாரிக்குப் பின்னால் சுவரில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது, உள்ளங்கை அகல எழுத்துகளில்.

"அப்பா, அந்தப் பலகையில என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

அப்பா நிமிர்ந்தார். கண்களைச் சுருக்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"இது நம்ம கடைப் பலகை இல்லையேம்மா" என்றார்.

அவள் கைப்பையிலிருந்து வகுப்புத் தாளை எடுத்து மேசை மேல் வைத்தாள். "எழுதிக்குங்க சார். போன தடவை ஓட்டினதும் இவர்தான். நான் பொய் எழுதிக் குடுத்தேன். இவருக்குப் பார்வை போய் ரெண்டு வருஷம் ஆச்சு. எனக்குத் தெரியும்."

"ரெண்டு வருஷமாவா?" என்று கேட்டான் குடையை வைத்திருந்தவன்.

"ஆமா" என்றாள்.