கல்யாண் குரூப், கல்யாணம் குரூப்

செல்லத்துரை கார்டு நம்பரை நான்காவது முறையாகத் தட்டிக்கொண்டிருந்தார். பதினாறு இலக்கம். பதினொன்றாவது இலக்கத்தில் விரல் வழுக்கியது. அழித்தார். மறுபடியும் தட்டினார். விமானம் ஒரு குலுக்கு குலுக்கியது. தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாதவர்போல் தட்டிக்கொண்டே இருந்தார்.

பணம் கட்டும் பொத்தானை அமுக்கினார். வட்டம் சுற்றியது. சுற்றியது. பிறகு திரை கேட்டது: 'உங்கள் மொபைலுக்கு வந்துள்ள ஆறு இலக்க ஓடிபியை உள்ளிடவும்.'

மொபைலின் மூலையில் குட்டி விமானப் படம். சிக்னல் பூஜ்யம். கீழே அரபிக் கடல்.

"வைஃபை வாங்க ஓடிபி வேணும். ஓடிபி வர டவர் வேணும். டவர் இருந்தா நான் எதுக்குல வைஃபை வாங்குதேன்?" என்று முன்சீட்டின் முதுகைப் பார்த்துக் கேட்டார்.

முன்சீட்டு சும்மா இருந்தது. பக்கத்து சீட்டு பேசியது.

"அண்ணாச்சி, நீங்க கடலுக்கு மேல பறக்கது பேங்க்காரனுக்கு எப்படித் தெரியும்? அவன் நீங்க தாராவியில டீ குடிச்சிக்கிட்டு இருக்கதா நெனப்பான்."

திரும்பிப் பார்த்தார். முக்காடு போட்ட பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். மடியில் லேப்டாப்.

"தாராவின்னு எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"மும்பையில ஏறி, திருநெல்வேலிப் பேச்சுல நாலு தடவ 'ஏல'ன்னு கார்டத் திட்டுனீங்கல்லா? நானும் தாராவிதான், தொண்ணூறு அடி ரோடு. பேரு சாயிமா. ஃபிராங்க்ஃபர்ட்ல மருந்துக் கம்பெனியில வேல பாக்கேன். என்ன அண்ணாச்சி லஃப்டா, என்ன பிரச்சன?"

செல்லத்துரை சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு, கொலை செய்தவர் ஒப்புக்கொள்வதுபோல் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"கல்யாணுக்கு அனுப்ப வேண்டியத கல்யாணத்துக்கு அனுப்பிட்டேன்."

விஷயம் இதுதான். செல்லத்துரைக்குத் தாராவியில் தோல் பெல்ட் பட்டறை. ஜெர்மனியில் ஒரு கண்காட்சிக்குப் போகிறார். சனிக்கிழமை திரும்பி வருவார். ஞாயிற்றுக்கிழமை மகள் மகேஸ்வரிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை ஆதித்யன், செம்பூர். இருவருக்கும் தாணேயில் ஒரே ஆபீஸ். மூன்று வருடம் காத்திருந்து, இரண்டு வீட்டையும் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருந்தார்கள். அவர் கிளம்பும்போது மகேஸ்வரி வாசல்வரை வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அப்பா, ஞாயித்துக்கிழம வரைக்கும் அவுங்க வீட்டப் பத்தி வாயத் தொறக்காதீங்க. ப்ளீஸ். அவருக்கு மானம்தான் எல்லாம். ஒரு வார்த்த கேட்டாருன்னா நிச்சயம் நடக்காது."

'அவர்' என்பது சம்பந்தி நெல்லையப்பன்.

செல்லத்துரை தலையை ஆட்டிவிட்டுத்தான் டாக்ஸி ஏறினார். ஆனால் அவரிடம் ஒரு வித்தை இருந்தது. யார் குரலையும் அப்படியே பேசிக் காட்டுவார். அந்த வித்தைக்கு ரசிகர் மன்றம் மும்பையை ஒட்டிய கல்யாண் என்ற ஊரில் இருந்தது: மைத்துனன் வானமாமலையும் அவன் குடும்பமும். அவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப். ஆங்கிலத்தில் பேர், கல்யாண். சம்பந்தியம்மா விஜயராணி ஆரம்பித்தது இன்னொன்று, இரு வீட்டாரும் சேர்ந்து இருபத்துமூன்று பேர். பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது என்று அதற்கும் ஆங்கிலத்தில்தான் பேர், கல்யாணம். நடுவே வித்தியாசம் ஏ, எம் என்ற இரண்டே எழுத்து. செல்லத்துரையின் வெள்ளெழுத்துக் கண்ணாடியோ பட்டறை மேசையில் கிடந்தது.

விமானம் ஓடுபாதைக்கு நகர, பணிப்பெண் போனை அணைக்கச் சொல்லிக்கொண்டே வர, அந்த அவசரத்தில் அவர் வாய்க்குள் போனை வைத்துப் பேசி முடித்த வாய்ஸ் நோட் இரண்டு நிமிடம் பதினோரு விநாடி.

"ஓய் மச்சான், நம்ம சம்பந்தி இருக்காருல்லா... 'செல்லத்துரை, க்ஹும், மண்டபம் ஏசியா? க்ஹும், ஐஸ்கிரீம் ரெண்டு ஸ்கூப்பா? க்ஹும், டிரோன் விடுவாங்களா?' முப்பது வருசம் ரயில்வே என்கொயரில இருந்த மனுசன். பொண்ணு பாக்க வந்த எடத்துலயும் என்கொயரிதான்! அந்தம்மா வாயத் தொறந்தா ஆக்சுவலி. 'ஆக்சுவலி காபி, ஆக்சுவலி சட்னி.' மாப்பிள நல்ல பயதான் மச்சான். ஆனா ரிமோட்டு அம்மா கைல. வால்யூமு கூட்டணும்னாலும் அவுகதான் கூட்டணும்..."

அனுப்பினார். விமான மோடுக்கு மாற்றினார். வானத்தில் ஏறி, சாப்பாடு வந்து, பொழுதுபோகாமல் போனைத் திறந்தபோதுதான் பார்த்தார். வாய்ஸ் நோட் உட்கார்ந்திருந்தது கல்யாணத்தில்.

சாயிமா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "டிக் ஒண்ணா ரெண்டா?"

செல்லத்துரை போனைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். எழுத்தையெல்லாம் பெரிதாக்கி வைத்திருந்தார். குறி மட்டும் எறும்புத் தலை அளவு.

"சாம்பல் கலர்ல என்னமோ ஒண்ணு தெரியுது."

"இங்க தாங்க, நான் பாக்கேன்."

"வேண்டாம்மா," என்று போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சம்பந்தியின் இருமலை நடித்துக் காட்டியது முன்பின் அறியாத பெண்ணின் காதில் விழுந்தாலும் அவமானம்தானே.

"அப்ப சரி. ஒரு டிக்குன்னா கெளம்பிட்டு. நமக்கு நெட் இல்லாததால அப்டியே நிக்கி. அங்க போயிருக்கும். இப்ப அழிச்சீங்கன்னா உங்க போன்ல மட்டும் அழியும், அவுங்க போன்ல அப்படியே இருக்கும். கை வைக்காதீங்க. நெட் வந்ததும் எல்லாருக்கும் சேத்து அழிச்சிருங்க. என் கார்டு அந்த ஊரு கார்டு, சின்ன தொகைக்கு ஓடிபி கேக்காது. போட்டுத் தாரேன்."

மெசேஜ் பிளான் ஆறு டாலர். முழு பிளான் இருபத்தெட்டு. செல்லத்துரை மனக்கணக்கு போட்டார். அந்த இருபத்தெட்டு டாலருக்குத் தாராவியில் ஒரு சந்தே ஒரு மாதம் சீரியல் பார்க்கும்.

"மெசேஜே போதும்மா."

கனெக்ட் ஆனது. வாய்ஸ் நோட்டை அழுத்திப் பிடித்தார். 'எனக்கு மட்டும் நீக்கு' என்று ஒரு வரி வந்தது. 'எல்லாருக்கும் நீக்கு' வரவில்லை. மறுபடி அழுத்தினார். வரவில்லை.

பணிப்பையன் ஒருவனை சாயிமா கூப்பிட்டு இந்தியில் விசாரித்தாள். அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "மேடம், மெசேஜ் பிளான்ல டெக்ஸ்ட் மட்டும்தான். போட்டோ, வாய்ஸ், வீடியோ எல்லாம் ஃபுல் பிளான்," என்று சொல்லிவிட்டு ஜூஸ் விற்கப் போனான்.

"கேட்டியாம்மா? அழிக்கதுக்குக் கூட பெரிய டிக்கெட் வாங்கணுமாம். என்ன பிசினஸ்! எங்க பட்டறைல பக்கிள் இல்லாம பெல்ட் வித்தா ஒதப்பான்." செல்லத்துரைக்கு மானமும் பணமும் ஒரே நேரத்தில் எரிந்தன. ஆறு டாலரை வீணாக்க மனசில்லை. டெக்ஸ்ட் போகுமல்லவா? தட்டினார்:

'மேலே உள்ள வாய்ஸை யாரும் கேட்க வேண்டாம். தவறுதலாக வந்தது.'

பத்தே விநாடியில் நெல்லையப்பன்: 'எந்த வாய்ஸ் சம்பந்தி?'

செல்லத்துரை திரையை சாயிமாவிடம் காட்டினார். "பாத்தியா, நக்கலு. முழுசாக் கேட்டுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காரு. என்கொயரில இருந்த ஆளுல்லா? 'வண்டி எப்ப வரும்'னு நம்ம கேட்டா, 'எந்த வண்டி'ன்னு கேட்டே முப்பது வருசம் ஓட்டிருக்காரு."

விஜயராணி: 'ஆக்சுவலி என்ன வாய்ஸ் அண்ணே?'

"அந்த ஆக்சுவலிய பாரும்மா. வேணும்னே போட்டுருக்கு."

மாப்பிள்ளையின் சித்தி, அத்தை, கல்லூரியில் படிக்கும் தங்கை என்று வரிசையாக வந்தார்கள். என்ன வாய்ஸ், என்ன வாய்ஸ், அனுப்புங்க மாமா, போனைக் கையில வச்சிட்டே இருக்கோம். கடைசியாக மகேஸ்வரி: 'அப்பா. என்ன பேசுனீங்க??'

இரண்டு கேள்விக்குறி. அதில்தான் அவர் உடைந்தார். மூன்று வருடம் அந்தப் பெண் ஒரு சத்தம் போடாமல் காத்திருந்ததெல்லாம் கண்முன் வந்தது. எதையாவது செய்து ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றியாக வேண்டும்.

"தங்கச்சி, இப்ப இந்த ஏஐ, ஏஐங்காங்களே. அது யார் குரலையும் பேசுமாமே?"

"பேசும். ஏன்... அண்ணாச்சி, வேண்டாம்!"

அதற்குள் அனுப்பியாகிவிட்டது. 'அது என் குரல் அல்ல. யாரோ விஷமிகள் ஏஐ மூலம் என்னைப்போல் பேசியுள்ளனர். நம் குடும்பங்களைப் பிரிக்கச் சதி.'

செம்பூரில் அது வேறு மாதிரி வேலை செய்தது. நெல்லையப்பன் பதறிவிட்டார். அடுத்தடுத்து வந்து விழுந்தன: 'சதியா? சைபர் கிரைமில் என் ஃபிரண்டு இருக்கான், சாட்சி வேணும்.' 'உங்க வீட்டு கனகவள்ளி தங்கச்சியும் மகேசும் புடவை காட்ட இங்கதான் வந்திருக்காங்க.' 'மாடி வீட்டுக்காரங்களையும் கூப்பிட்டாச்சு.' 'எல்லாரும் ஹால்ல இருக்கோம். பெரிய ஸ்பீக்கர் கனெக்ட் பண்ணியாச்சு. வாய்ஸை அனுப்புங்க.'

"அனுப்புங்களா? அவுங்ககிட்டதான் இருக்கே!" என்றாள் சாயிமா, புருவத்தைச் சுருக்கி.

"என்னய அசிங்கப்படுத்ததுக்கும்மா! என் வாயாலயே கேக்கணும்னு. ஸ்பீக்கர் வேற." செல்லத்துரை இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் பாதிப் பேரு கேட்டிருக்க மாட்டாங்க. அதுக்குள்ள அழிச்சிரணும். அந்த இருபத்தெட்டப் போடும்மா. பணத்த இந்தா புடி."

பர்ஸைத் திறந்து கையில் வந்ததை அவள் லேப்டாப் மேல் வைத்தார். கண்காட்சிச் செலவுக்கு வைத்திருந்த யூரோ. அவள் எண்ணிப் பார்க்கவில்லை. அவளுக்கும் இப்போது அவசரம்.

முழு பிளான் வந்தது. 'உலகம் இனி உங்கள் கையில்' என்றது திரை. கைக்கு வருவதற்கு முன் ஒரு விளம்பரம் வந்தது. ஆயுள் காப்பீடு. ஒரு அப்பா மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரையில் ஓடினார். தாண்டிப் போகும் பொத்தான் கிடையாது. ஓடினார். மகள் பெரியவளாகிப் படித்தாள், வேலைக்குப் போனாள், மணமேடையில் உட்கார்ந்தாள். அப்பா கண்ணைத் துடைத்தார். போன் மட்டும் செல்லத்துரையின் கையில் விட்டு விட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. விமானம் ஏறியதிலிருந்து தேங்கிக் கிடந்த குட் மார்னிங் படங்கள், பெல்ட் போட்டோக்கள், பூக்கள், முருகன், எல்லாம் இறங்கிக்கொண்டிருந்தன. மூன்று நிமிடம் கழித்து விளம்பரம் முடிந்து, 'எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?' என்று கேட்டது. அவசரத்தில் ஐந்தையும் கொடுத்துத் தொலைத்தார்.

குரூப்பைத் திறந்தார். வாய்ஸ் நோட்டை அழுத்திப் பிடித்தார்.

'எல்லாருக்கும் நீக்கு.'

"வந்துட்டும்மா! வந்துட்டு!" நான்கு வரிசைக்குக் கேட்டது.

"அமுக்குங்க அண்ணாச்சி, ஜல்தி!"

அமுக்கினார். வாய்ஸ் நோட் மறைந்தது. 'இந்தச் செய்தியை நீக்கிவிட்டீர்கள்' என்ற வரி மட்டும் சாதுவாக நின்றது. செல்லத்துரை சீட்டில் சாய்ந்து, இடுப்பில் இருந்த சொந்தத் தயாரிப்பு பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்தினார். குரூப்பில் சத்தமே இல்லை. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

"அந்தக் காசு தகும்மா," என்றார். "வாங்குன காசுக்கு வேல செய்யுதான். தப்பு சொல்லக் கூடாது. பெரிய பிளான்னா பெரிய பிளான்தான்."

பணிப்பையனைக் கூப்பிட்டு இரண்டு காபி சொன்னார். ஒன்று சாயிமாவுக்கு. அவள் வாங்கி ஒரு வாய் குடிப்பதற்குள் போன் மறுபடி அதிர்ந்தது.

மனைவி கனகவள்ளி. குரூப்பில் இல்லை, தனியாக. கண் கூசியது; எழுத்து ஆடியது. செல்லத்துரை போனை சாயிமாவிடம் நீட்டினார். இந்த முறை தயங்கவில்லை.

"நீயே படிம்மா. நல்ல சேதியாத்தான் இருக்கும்."

சாயிமா படித்தாள். குரல் போகப் போக இறங்கியது.

"'நானும் மகேசும் செருப்ப மாட்டிட்டு வாசல்ல நிக்கோம். அவ அழுகைய நிப்பாட்ட மாட்டேங்கா. முழுசும் ஸ்பீக்கர்ல ஓடிட்டு, இருமல் உள்பட. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இவ்வளவு நேரமா யாருக்குமே வராத வாய்ஸ, அஞ்சு நிமிசத்துக்கு முன்னால எதுக்கு அனுப்புனிய?'"