சிவப்பெழுத்துக் கிழங்கு

முகைலாவின் நெற்றியில் 'இந்த நிலம் விற்பனைக்கு அல்ல' என்ற எழுத்துகள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்குத் தோன்றின. சிவப்புப் பெயின்ட், கொட்டை எழுத்து, புருவங்களுக்கு மேலே நூல் பிடித்த மாதிரி நேராக. அப்போது அவன் எபா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மரவள்ளிக் கிழங்கைத் துருவி வறுத்த ரவையான கர்ரியை வெந்நீரில் கிளறிய அந்தக் களியில் மூன்றாவது கவளத்தை வெண்டைக்காய்க் குழம்பில் தோய்த்து விழுங்கியதும் வந்தது என்று அவன் மனைவி சிக்கிரா பின்னாளில் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். சோப்புப் போட்டார்கள், மண்ணெண்ணெய் போட்டார்கள், எலுமிச்சையைப் பாதியாக வெட்டித் தேய்த்தார்கள். நெற்றி பளபளப்பானது; எழுத்தும் கூடவே பளபளப்பானது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இடது கன்னத்தில் இரண்டாவது வரி வந்தது. வாரக் கடைசிக்குள் பதினான்கு வரிகள். அவற்றில் இரண்டு, சட்டையைக் கழற்றினால்தான் தெரியும்.

அவன் அமுக்கிய நிலங்களும் பதினான்கு என்று அபுலே ஒசான் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பெரிய சாலை வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதிலிருந்தே ஊர் கெட்டுப்போயிருந்தது. முதலில் ஆடுகள் போயின, பிறகு ஜெனரேட்டர்கள், பிறகு வாடகைக்கு ஓடும் மோட்டார் சைக்கிள்கள். கடைசியில், யாரும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்று நம்பியிருந்த நிலமும் போக ஆரம்பித்தது. முகைலா ஒரே மனையை மூன்று பேருக்கு விற்பான். வாங்கினவன் புல் வெட்டினால் ஒரு கட்டணம், அஸ்திவாரம் தோண்டினால் ஒன்று, கூரை போட்டால் இன்னொன்று; ஏனென்று கேட்டால் வெட்டுக்கத்தியோடு அவன் ஆட்கள் வருவார்கள். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனவர் திரும்பி வரும்போது அவர் வீட்டில் வேறொரு குடும்பம் குழம்பு வைத்துக்கொண்டிருப்பது சாதாரணமாகிவிட்டது. அதனால் வீடு உள்ளவர்கள் எல்லோரும் சுவரில் சிவப்புப் பெயின்டால் 'இந்த வீடு விற்பனைக்கு அல்ல, ஏமாற வேண்டாம்' என்று எழுதிவைத்தார்கள். பள்ளிவாசலில் எழுதியிருந்தது, தேவாலயத்தில் எழுதியிருந்தது, ஒரு கோழிக்கூட்டிலும் எழுதியிருந்தது.

அவேரோவிடம் எழுதுவதற்குச் சுவர் இல்லை. அவள் குடியிருந்தது வாடகை அறையில். ஓடைக்கு அப்பால் அவள் அம்மா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் மரவள்ளிதான் சொத்து. கிழங்கைத் துருவி, சாக்கில் கட்டிக் கல் ஏற்றிப் பிழிந்து, அகன்ற இரும்புச் சட்டியில் வறுத்து, ஐந்து நாளுக்கு ஒருமுறை கூடும் சந்தையில் கர்ரியாக விற்பாள். புருஷன் போய்விட்டான், மேலே அல்ல, இபாதான் நகரத்துக்கு. நிலமும் போனால் அவளுக்கு அடுத்த வேளைக்கு வழி கிடையாது. அதை முகைலா ஒரு லாகோஸ்காரருக்கு விற்றுவிட்டான், இரண்டு மாதத்தில் புல்டோசர் வரும் என்று கேள்விப்பட்ட அன்று, சட்டியில் இருந்தது தீய்ந்து கரியாகும்வரை அவள் கிளறாமல் நின்றாள். பிறகு ஊர்த்தலைவர் ஒயெடோகுன் முன்னால் போய் மண்டியிட்டாள். "பாக்கலாம்மா" என்றார். அவர் பார்க்கலாம் என்று சொன்ன எதையும் இதுவரை பார்த்ததில்லை. காவல் நிலையத்தில், புகார் எழுதக் காகிதமும் பேனாவும் அவளையே வாங்கி வரச் சொன்னார்கள், வண்டிக்குப் பெட்ரோலும்.

அவள் பெட்ரோல் வாங்காமல் ஒரு டப்பா சிவப்புப் பெயின்ட் வாங்கினாள். ஊரின் சுவர்களுக்கெல்லாம் எழுதிக்கொடுத்த பெயின்டர் விழுந்து விழுந்து சிரித்தான். அம்மா என்பதற்கு அந்த ஊரில் இயா என்பார்கள்.

"சுவரே இல்லாம எங்க எழுதச் சொல்றீங்க இயா? காத்துலயா?"

"உன்ன யாரு எழுதச் சொன்னா? பிரஷ்ஷக் குடுத்துட்டு இடத்தக் காலி பண்ணு."

மூன்று நாள் இடுப்பு நிமிராமல், ஒரு வரிசை விடாமல், ஒவ்வொரு மரவள்ளித் தண்டிலும் 'இந்த நிலம் விற்பனைக்கு அல்ல' என்று எழுதினாள். மிச்சத்தை வேருக்கு ஊற்றினாள். ஊர் சிரித்தது. எட்டாம் நாள் இலை நரம்புகள் எழுத்தாக ஓடின. கிழங்கை உடைத்தால் வெள்ளைக்கு நடுவே சிவப்பு இழை தெரிந்தது. கர்ரியும் லேசாகச் சிவந்தது. பனையெண்ணெய் சேர்த்து வறுக்கிற ஊர் என்பதால் அந்த நிறத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. சந்தையில் வழக்கமான விலைக்கு வழக்கம்போல விற்றது, சிக்கிரா உட்பட எல்லோரும் வாங்கிப்போனார்கள்.

சாப்பிட்டவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஏப்பம் தவிர ஒன்றும் வரவில்லை. அடுத்தவர் பொருளை வைத்திருந்தவர்களுக்கு எழுத்து வந்தது. கசாப்புக்காரன் கழுத்தைச் சுற்றி 'இந்த ஆடு விற்பனைக்கு அல்ல' என்று ஏழு வரி. முகைலாவின் ஆட்களில் ஒருவன் புறங்கையில் 'இந்த மோட்டார் சைக்கிள் விற்பனைக்கு அல்ல' என்று, வண்டி எண்ணோடு. விசிலோடு சுற்றிக்கொண்டிருந்த ஊர்க் காவல் குழு விசிலைக் கழற்றி வைத்துவிட்டு, தெருவில் போகிறவர்களை நிறுத்திப் படிக்க ஆரம்பித்தது. வெளியிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்ன கணவர்களை எந்த மனைவியும் சும்மா விடவில்லை. ஊர்த்தலைவர் காய்ச்சல் என்று சொல்லித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டு இரண்டு வாரம் சமாளித்தார். மூன்றாவது ஞாயிறு தேவாலயத்தில் தொப்பியைக் கழற்ற வேண்டியிருந்தது. தலைவரின் நெற்றியில் 'இந்த ஊர் விற்பனைக்கு அல்ல' என்று இருந்ததைப் பார்த்த போதகர் ஆமென் சொல்ல மறந்துபோனார்.

அவேரோவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தைக்குப் போகும் வழியில் முகைலா வீட்டு வாசலில் வேண்டுமென்றே செருப்பைச் சரிசெய்துகொள்வாள். நான்காவது வாரம் குளிக்கும்போது, தன் முழங்கையில் பொடி எழுத்தில் 'இந்த வரிசை விற்பனைக்கு அல்ல' என்று படித்தாள். எந்த வரிசை என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன், பக்கத்து நிலத்துக்காரி இபிடுன் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, எல்லைச் செடிகளை ஓர் எட்டு தள்ளி நட்டவள் அவள்தான். அம்மா பெயரைச் சொல்லி ஊரெல்லாம் நியாயம் கேட்டவளுக்கு வெட்கமாக இருந்தது. மறுநாளிலிருந்து அடுப்புச் சூட்டிலும் முழுக்கைச் சட்டை போட்டாள்.

புல்டோசர் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு முகைலா அவள் அடுப்படிக்கு வந்து சேர்ந்தான்.

"கோவிச்சுக்காதீங்க இயா, இத எடுத்துவிடுங்க. சின்னப் புள்ளைங்கள்லாம் என் மூஞ்சியப் பாத்து எழுத்துக்கூட்டிப் படிக்குதுங்க."

"நான் என்ன மந்திரவாதியா? நிலத்தத் திருப்பிக் குடு, அப்பறம் பேசு."

சொல்லிக்கொண்டே சட்டியைக் கிளறக் கையை நீட்டினாள். சட்டைக்கை மேலேறியது. ஒரு மாதத்தில் முதல் தடவையாக முகைலா சிரித்தான்.

"அட, இங்கயும் ஒண்ணு இருக்கே! அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே கட்சிதான். என்னுது கொட்டை எழுத்து, உங்களுது பொடி எழுத்து. வியாழக்கிழம அத்தன பேருக்கும் இதக் காட்டறேன். அப்பறம் இது யார் நிலம்னு நீங்க எப்படிச் சொல்றீங்கன்னு பாப்போம்."

வியாழக்கிழமை ஊரே ஓடைக்கு அப்பால் கூடியிருந்தது. புல்டோசர் உறுமிக்கொண்டு நின்றது. லாகோஸ்காரர் பத்திரத்தோடு காரிலிருந்து இறங்கினார். முகைலா தொண்டையைச் செருமினான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவேரோ தன் சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு நேராக இபிடுனிடம் போனாள்.

"ஒம்பது வருஷமா உன் வரிசைய நான்தான் தின்னுட்டிருக்கேன் இபிடுன். செடிய நகத்துனது நான்தான். எடுத்துக்க, கிழங்கோட எடுத்துக்க."

"தெரியும்டி. எனக்கு அன்னிக்குக் காய்ச்சல்தான், கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. நீயா வாயத் தொறப்பியான்னு பாத்துட்டிருந்தேன். ஒம்பது வருஷமா தொறக்கற!"

இரண்டு பேருமாகச் சேர்ந்து எல்லைச் செடிகளை வேரோடு பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டார்கள். கடைசிச் செடிக்கு மண் அணைத்தபோது, அவேரோவின் முழங்கை எழுத்து காய்ந்த பெயின்ட் மாதிரி உரிந்து உதிர்ந்தது. அத்தனை பேரும் பார்த்தார்கள். பிறகு அத்தனை பேரும் முகைலாவைப் பார்த்தார்கள். லாகோஸ்காரர் பத்திரத்தை ஒருமுறையும் முகைலாவின் முகத்தை ஒருமுறையும் படித்தார்.

"பத்திரத்துல வித்தாச்சுன்னு இருக்கு. உங்க நெத்தியில விற்பனைக்கு இல்லன்னு இருக்கு. நான் எத நம்பறது?"

முகைலா ஊர்த்தலைவரைத் தேடினான். அவர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். தன் ஆட்களைத் தேடினான். அவர்கள் கைகளைப் பையில் வைத்திருந்தார்கள்.

"நெத்தியவே நம்புங்கய்யா. நிலம் இந்த அம்மாவோடது."

நெற்றி வரி உதிர்ந்தது. புல்டோசர் பின்பக்கமாகவே ஓடைவரை போய்த் திரும்பியது. அவேரோ தன் வயலின் நடுவில் உட்கார்ந்து, பார்ப்பவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் உரக்க அழுதாள்.

மற்ற வரிகள் உதிர இரண்டு வருஷம் ஆயின. ஒன்று மட்டும் முகைலாவின் மூக்கில் இன்னும் இருக்கிறது. அந்த நிலத்துக்காரர் வடக்கே எங்கேயோ போய்விட்டதால், சனிக்கிழமைதோறும் முகைலாவே அங்கே களை எடுக்கிறான். சம்பந்தம் பேச வரும் மாப்பிள்ளைக்கும் ஊருக்குப் புதிதாக வரும் அதிகாரிக்கும் முதலில் அவேரோவின் எபாவைப் பரிமாறுவது இப்போது அபுலே ஒசானில் மரியாதை. போன மாதம் காவல் நிலையத்துக்குப் புதிய அதிகாரி வந்தார். நாற்காலி போட்டு, கை கழுவத் தண்ணீர் கொடுத்து, தட்டை வைத்துவிட்டு எல்லோரும் பணிவோடு சுற்றி நின்றார்கள். அவர் தட்டைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், வழியிலேயே சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னார்.

"அதனால என்னங்கய்யா, பசிக்கறப்ப சாப்டுங்க. கிழங்கும் எங்கயும் போகாது, நிலமும் எங்கயும் போகாது" என்று அவேரோ தட்டை மூடினாள். மறுநாள் அதே நேரத்துக்குப் புதிதாகக் கிளறி எடுத்துக்கொண்டு போனாள்.