இறுக்காத நட்டு

காத்தான்குடியில் எங்கள் புடவைக்கடை வெள்ளிக்கிழமைகளில் பூட்டு. அன்று காலையில் நானும் க்ளைவும் பைக் ஓடப் போவோம். எட்டு வருடப் பழக்கம். தார் ரோட்டில் என் பைக்தான் எப்போதும் முன்னால் போகும். டச்பார் ஊரில் தச்சுவேலை செய்யும் க்ளைவ் பின்னால் வருவான்.

பிறகு அவன் தன்னுடையதை விற்று, உயரமான அட்வென்ச்சர் பைக் ஒன்றை வாங்கினான். கொக்கட்டிச்சோலைக்கு அப்பால், வயல்வட்டைகளுக்கு நடுவே போகும் கிரவல் பாதைகளில் பைக்கில் எழுந்து நின்றபடியே ஓடினான். என் பைக் குழிக்குக் குழி அடிபட்டது. மூன்று மாதம் பொறுத்தேன். நானும் விற்று, அதே மாதிரி ஒன்றை வாங்கினேன்.

அப்போதும் அவன்தான் முன்னால். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் செயினை மண்ணெண்ணெயால் கழுவி எண்ணெய் விடுவான். எயார் ஃபில்டரைக் கழற்றித் துப்புரவாக்குவான். நான் வெளிப்பக்கத்தை மட்டும் பளபளவென்று வைத்திருந்தேன். ஒருநாள் என் பைக் இழுக்காமல் திணறியது. க்ளைவ் ஸீட்டைக் கழற்றி, புழுதி அப்பிய ஃபில்டரை வெளியே எடுத்தான். கூட வந்த என் சாச்சாவின் மகன் றவூப்பிடம் அதைக் காட்டி, "ரிஸ்கான் ஒரு மூடை மண்ணை உள்ளுக்கு வச்சிக்கிட்டுத்தான் ஓடியிருக்கான்" என்று சிரித்தான். பகிடிதான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வெள்ளி அவன் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் பின்சில்லின் நட்டைத் தளர்த்தி, செயினைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவன் மனைவி பிறெண்டா தேத்தண்ணிக்குக் கூப்பிட, எழுந்து போனான். நான் அந்த நட்டைத் தொட்டுப் பார்த்தேன். விரலுக்கே சுழன்றது.

திரும்பி வந்தவன் அதை இறுக்க மறந்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டினான். "என்ன மச்சான், வெளிக்கிடுவமா?"

"ஓம், வெளிக்கிடுவம்."

றவூப்புக்கு முன்னால் ஒருதரம் மண்ணில் விழட்டும் என்று நினைத்தேன். மெல்ல விழுந்தால் ஒன்றும் ஆகாது என்றும் நினைத்துக்கொண்டேன்.

றவூப் மண்முனைப் பாலத்தடியில் சேர்ந்துகொண்டான். கிரவலில் இறங்கியதும் க்ளைவின் பின்சில்லு ஆடத் தொடங்கியது. ஹோனை விடாமல் அடித்தேன். க்ளைவ் திரும்பிப் பார்த்தான். நான் முந்தப் பார்க்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, இன்னும் முறுக்கினான்.

வாய்க்கால் திருப்பத்தில் செயின் கழன்று சில்லு இறுகியது. பைக் அவனைத் தூக்கிக் கரைக்கட்டின் மேல் எறிந்தது.

தோள் எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி சொன்னான்: "நீ ஹோன் அடிச்சது எனக்குச் சொல்லத்தானே மச்சான்? நான் விசரன், ரேஸ் எண்டு நினைச்சிட்டன்."

பக்கத்தில் இருந்த பிறெண்டா எனக்கு நன்றி சொல்லத் தொடங்கினாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"நான் ஒன்ட ஊட்டயே கண்டுட்டன்" என்றேன். "நட்டு லூஸா இருந்திச்சி. ஒனக்குச் செல்லல்ல."

"ஏன்?"

"நீ விழணும் எண்டுதான்."

பிறெண்டா எழுந்து வெளியே போனாள். க்ளைவ் சுவர்ப்பக்கம் திரும்பப் பார்த்தான். தோள் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "நீ போ, ரிஸ்கான்" என்றான்.

மூன்று மாதத்தில் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டான். எனக்கு ஒரு போன் கோலும் எடுக்கவில்லை. போன வெள்ளி நான் பெற்றோல் செட்டில் நிற்கும்போது அவனும் றவூப்பும் போனார்கள். றவூப்புடையது பழைய சின்ன பைக், வேகம் போகாது. க்ளைவ் அவனுக்காகத் தன் வேகத்தைக் குறைத்து, பக்கத்தில் ஏதோ கதைத்தபடி போனான். இத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் அவனுக்காக வேகத்தைக் குறைத்ததில்லை. றவூப்பைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.