சிவப்பு போன பிறகு

கொல்லயில் கிராமத்து வீட்டின் முன்னறைக் கட்டிலில் அனூஜ் படுத்த படுக்கையாகி ஏழு மாதம் ஆகிறது. அம்பூரிக்கு மேலே மலைப்பாதையில் பைக் சறுக்கி, ரப்பர் தோட்டத்துப் பள்ளத்தில் விழுந்தவன். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தங்கை அஸ்வதி நெய்யாற்றின்கரையில் டிராயிங் டீச்சர். இந்த ஏழு மாதத்தில் அவன் அவளிடம் கேட்டது ஒன்றுதான். அந்தி நேரத்து மலையை வரைந்து எதிர்ச்சுவரில் மாட்டவேண்டும்.

முதலில் ஊதா மலைகளும் ஆரஞ்சு வானமுமாகத் தீட்டினாள். "நல்ல சேலு உண்டு" என்று அழகை மெச்சினாள் அம்மா விலாசினி. அனூஜ் வெகுநேரம் பார்த்தான்.

"இது கலண்டர்ல உள்ள மலையாக்கும், மக்கா."

மறுவாரம் நிறங்களை மங்கலாக்கி இன்னொன்று கொண்டுவந்தாள்.

"இது விடியக்காலம் மாதிரி உண்டு."

"எப்படி வேணும்ணு சொல்லு அண்ணா. நான் எத்தன வேணும்னாலும் வரையிறேன்."

"செவப்பு எல்லாம் போயிரும். ஆனா இருட்டியிருக்காது. மலை கிட்ட வாற மாதிரி இருக்கும். அந்த நெறத்துக்குப் பேரு எனக்கு அறியாது."

"எங்க பாத்த?"



"விழுந்து கெடந்தப்போ. மூணு மணிக்கூறு கூப்பிட்டுட்டே கெடந்தேன். ஆரும் கேக்கல்ல."

அந்த மூன்று மணி நேரமும் அஸ்வதி இதே அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத எதுக்கு அண்ணா சொவருல மாட்டணும்?"

"கண்ண மூடினா அதுதான் வருது. நான் ஒருத்தன் மட்டும் பாத்தா தாங்கல்ல. வேற ஒராளும் பாக்கணும்."

அன்று சாயங்காலம் அவன் கட்டிலருகிலேயே உட்கார்ந்து வரைந்தாள். நீலத்தில் பழுப்பைக் கலந்தாள். வானத்தைச் சாம்பலாக்கினாள். பக்கத்து மலையைத் தாளின் முக்கால் பங்குக்குப் பெரிதாக்கி, அதிலிருந்த பச்சையையும் கடைசியில் அழித்தாள்.

"ஆமா" என்றான் அனூஜ். "இதாக்கும்."

கண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் இறங்கியது. அவன் துடைக்கவில்லை.

"எடுத்துரவா?"

"வேண்டாம். நீ இங்க நில்லு."

ஈரம் காயாத படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணனுக்கு வேறு என்ன செய்யலாம் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. அப்படியே நின்றாள்.