பன்னிரண்டாவது சனிக்கிழமை

பதினொரு சனிக்கிழமையாக பிரேமினி டீச்சர் தன் நாத்தனார் ரத்னாவிடம் தோற்றுக்கொண்டிருந்தாள். பெரிய தோல்வி என்றால் மனசு ஆறியிருக்கும். ஒரு வாரம் நாலு விநாடி, ஒரு வாரம் ஒன்பது விநாடி, போன வாரம் வெறும் இரண்டே விநாடி. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதைதான்.

பந்தயம் சைக்கிள் பந்தயம். ஆனால் இரண்டு பேரும் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. பிரேமினி கொட்டகலையில் தன் வீட்டு முன்னறையில் மிதிப்பாள். ரத்னா ஹட்டனில் மருந்துக் கடைக்கு மேலே இருக்கும் தன் வீட்டில் மிதிப்பாள். சைக்கிளின் பின் சக்கரத்தை ஓர் இரும்புத் தாங்கியில் ஏற்றிவிட்டால் அது ஓர் உருளையின் மேல் சுழலும். தாங்கியை லெப்டொப்போடு இணைத்தால் திரையில் ஒரு பாதை விரியும். அதில் அவர்களைப் போலவே ஒரு பொம்மை உருவம் சைக்கிள் ஓட்டும். திரையில் மேடு வந்தால் உருளை தானாக இறுகிக் காலைப் பிடிக்கும். பள்ளம் வந்தால் விட்டுக்கொடுக்கும். எங்கெங்கேயோ இருந்து ஐம்பது அறுபது பேர் ஒரே நேரத்தில் அந்தப் பாதையில் ஓடுவார்கள். மழையும் பனியுமாக, வளைவுக்கு வளைவு பஸ் உரசிக்கொண்டு போகும் மலைநாட்டு ரோட்டில் நாற்பது வயதுப் பெண்கள் இரண்டு பேர் பந்தயம் விடுவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

பழக்கிவிட்டவள் ரத்னாதான். "அண்ணி, ஸ்கூல்ல கணக்குப் போட்டே முதுகு கூனிப் போச்சு ஒங்களுக்கு. வாங்க, ஒரு தடவ மிதிச்சுப் பாருங்க" என்று முதன்முதலில் தன் சைக்கிளில் ஏற்றிவிட்டாள். பிரேமினி அன்றைக்கே பிடித்துக்கொண்டாள். கொழும்பில் யாரோ பாவித்துவிட்டு விற்ற தாங்கி ஒன்றை அவளுடைய கணவன் ஜனார்த்தனன் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்தான். அன்று முதல் அவன் பாடு இரண்டுங்கெட்டான் பாடுதான். தங்கச்சி ஜெயித்தால் பெண்டாட்டிக்கு ஆறுதல் சொல்ல வேண்டும். பெண்டாட்டி ஜெயிக்கட்டும் என்று வாய் தவறிச் சொன்னால் தங்கச்சி போனில் பிடித்துக்கொள்வாள்.

பன்னிரண்டாவது சனிக்கிழமை. பந்தயம் மாலை நாலரைக்கு. பதினெட்டு கிலோமீட்டர், கடைசி மூன்று கிலோமீட்டரும் ஒரே ஏற்றம். பிரேமினி காலையிலிருந்தே நிலைகொள்ளாமல் இருந்தாள். பழைய பந்தயங்களின் விவரங்களையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்துப் பார்த்ததில் அவளுக்கு ஒன்று விளங்கியிருந்தது. ரத்னா வழி நெடுக அவள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருகிறாள். முன்னால் போகிறவர் காற்றை வெட்டிக்கொண்டு போக வேண்டும். பின்னால் வருகிறவருக்குப் பாடு குறைவு. அந்த விளையாட்டிலும் கணக்கு அப்படித்தான். கடைசி நானூறு மீட்டரில் ரத்னா ஒரே பாய்ச்சலில் தாண்டிப் போய்விடுகிறாள்.

"இன்னைக்கி நான் முன்னுக்குப் போக மாட்டேங்க" என்றாள் ஜனார்த்தனனிடம். "அவ போகட்டும். நான் பின்னாடியே போறேன்."

மூன்று மணி பத்து நிமிடத்துக்குக் கரண்ட் போனது.

காற்றில் ஒரு சவுக்கு மரம் கம்பியின் மேல் விழுந்துவிட்டதாம். பொழுது சாய்வதற்குள் வருவது சந்தேகம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பிரேமினி சைக்கிள் சீட்டில் சாய்ந்து நின்றுகொண்டு அழாத குறையாக ரத்னாவுக்குப் போன் எடுத்தாள்.

"நல்லதாப் போச்சு, பன்னெண்டாவதும் ஒனக்குத்தான். ஆளே வராம ஜெயிச்சிட்ட."

"ஆளே வராம ஜெயிச்சு எனக்கென்ன அண்ணி பெருமை?" என்றாள் ரத்னா. "இங்க கரண்ட் இருக்கு. சைக்கிளத் தூக்கிக்கிட்டு இங்க வாங்க."

"இப்பவா?"

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. அண்ணன்கிட்ட சொல்லி ஆட்டோ பிடிங்க. பேசிக்கிட்டு நிக்காதீங்க."

ஆட்டோக்காரர் சோலைமலை பிரேமினியின் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர். முன் சக்கரத்தைக் கழற்றி சைக்கிளைப் பின் சீட்டில் குறுக்காகத் திணித்தார்கள். ஜனார்த்தனன் தாங்கியை மடியில் வைத்துக்கொண்டான். பிரேமினி லெப்டொப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சங்கிலிக்கும் கம்பிக்கும் இடையே ஒடுங்கிக்கொண்டாள்.

"டீச்சர், ஓடாத சைக்கிளுக்கா இந்தப் பாடு?" என்று கேட்டார் சோலைமலை.

"ஓடும் அண்ணே. நின்ன எடத்துலயே ஓடும்."

"எத்தன மணிக்கு?"

"நாலரைக்கு."

சோலைமலை ஆக்ஸிலரேட்டரை முறுக்கினார். பனி இறங்கிய ரோட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு, லொறி இரண்டையும் ஒரு தனியார் பஸ்ஸையும் முந்தி, நாலு மணிக்கு முன்பே ஹட்டனில் கொண்டுவந்து நிறுத்தினார். மாடிப்படியில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறியவரும் அவர்தான். ஏறியவர் திரும்பிப் போகவில்லை.

ரத்னாவின் கணவன் துஷாந்த் டவுனில் போன் கடை வைத்திருப்பவன். அவன் ஹோலில் இருந்த நாற்காலி, மேசை எல்லாவற்றையும் ஒதுக்கி இரண்டு சைக்கிள்களையும் பக்கம் பக்கமாக நிறுத்தினான். வைஃபையில் இரண்டு திரைகளையும் இணைத்தான். பிறகுதான் பிரச்சினை வந்தது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு காற்றாடி. ஹட்டன் குளிர்தான், ஆனால் நின்ற இடத்தில் மிதிப்பவளுக்குப் பத்தாவது நிமிடம் உடம்பு கொதிக்கும்.

"அண்ணி பக்கம் வைங்க. வந்தவங்க அவங்கதானே" என்றாள் ரத்னா.

"எனக்கு வேணாம். அப்புறம் காத்தால ஜெயிச்சேன்னு சொல்லுவ."

கடைசியில் துஷாந்த் காற்றாடியை நடுவில் வைத்து, தலையாட்ட விட்டான். ஆளுக்கு ஆறு விநாடி காற்று.

நாலரைக்குத் திரையில் எண்கள் இறங்கின. மூன்று, இரண்டு, ஒன்று. ஐம்பத்து இரண்டு பேர் ஒன்றாகப் பாய்ந்தார்கள்.

முதல் ஐந்து நிமிடத்திலேயே பிரேமினிக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. திரையில் ரத்னாவின் பொம்மை எப்போதும் ஒரே சீராக, அலட்டிக்கொள்ளாமல் போகும். அதைப் பார்த்துப் பார்த்து, இவளுக்கு மூச்சே வாங்காது போல என்று பதினொரு வாரமாகப் பிரேமினி நினைத்திருந்தாள். இப்போது பக்கத்தில் பார்த்தால் ரத்னா முகம் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு மேட்டுக்கும் "அம்மா... அம்மா..." என்று முனகிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வலிக்கிறது. அது தெரிந்ததும் பிரேமினியின் கால்களில் புதிதாக ஒரு பலம் வந்தது.

சொன்னபடியே அவள் முன்னால் போகவில்லை. ரத்னாவின் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டாள். ரத்னா வேகத்தைக் குறைத்தாள், இவளும் குறைத்தாள். ரத்னா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

"என்ன அண்ணி, இன்னைக்கி மரியாதையெல்லாம் பலமா இருக்கு?"

"நீ போம்மா. நான் பின்னாடி வர்றேன்."

ஏழாவது கிலோமீட்டரில் ஒரு சின்ன மேடு. ரத்னாவின் சைக்கிளில் களுக், களுக் என்று கியர் இரண்டு தரம் விழுந்தது. அடுத்த நொடியே அவளுடைய பொம்மை இருபது மீட்டர் முன்னால் போய்விட்டது. பிரேமினி எட்டிப் பிடிக்க அரை கிலோமீட்டர் ஆனது. பத்தாவது கிலோமீட்டரிலும் அதே களுக், களுக். இந்தத் தரம் பிரேமினிக்குக் காது திறந்துவிட்டது. தன் வீட்டில் இருந்தால் இது கேட்காது. பாய்வதற்கு முன் ரத்னா இரண்டு கியர் மாற்றுகிறாள். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் முதல் களுக் கேட்டதுமே பிரேமினி எழும்பி நின்று மிதித்தாள். ரத்னா பாய்ந்தபோது திரையில் இவளுடைய பொம்மையும் கூடவே பாய்ந்தது.

"டீச்சர் விடல, டீச்சர் விடல" என்று சோலைமலை கதவோரத்தில் நின்று தொடையில் தட்டினார். ஜனார்த்தனன் இரண்டு கையிலும் இரண்டு தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நடுவில் நின்றான்.

ரத்னா லேசுப்பட்டவளா? ஏற்றம் தொடங்கி அரை கிலோமீட்டர் போனதும் களுக் என்றது. பிரேமினி துள்ளி எழுந்து உயிரைக் கொடுத்து மிதித்தாள். திரும்பிப் பார்த்தால் ரத்னா இருந்த இடத்திலேயே சாவகாசமாக மிதித்துக்கொண்டிருந்தாள். சும்மா ஒரு கியரைத் தட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"காத கூர்மையாத்தான் வச்சிருக்கீங்க அண்ணி."

"அடிப்பாவி" என்றாள் பிரேமினி. அதற்குமேல் பேச மூச்சில்லை. வீணாகச் செலவான அந்தப் பாய்ச்சலில் தொடை இரண்டும் நெருப்பாக எரிந்தன. உருளை இறுகிக்கொண்டே போனது. வியர்வை கண்ணில் இறங்கியது. காற்றாடி தன் பக்கம் திரும்பும் ஆறு விநாடிக்காக ஏங்கினாள். இரண்டு கிலோமீட்டர் இருந்தது. அப்புறம் ஒன்றரை. முன்னால் போனவர்களில் சிலர் களைத்துப் பின்னுக்கு வந்தார்கள். இருவரும் அவர்களைத் தாண்டினார்கள். பதினாலாவது இடமும் பதினைந்தாவது இடமும் இவர்களுடையதாக இருந்தன. யார் எது என்பதுதான் மாறி மாறி வந்தது.

எழுநூறு மீட்டர். நானூறு வரைக்கும் இப்படியே போனால் என்ன நடக்கும் என்பது பிரேமினிக்குத் தெரியும். பதினொரு தரம் நடந்ததுதான். கியர்ச் சத்தத்தையும் இனி நம்ப முடியாது. ஒன்றும் தோன்றாமல் ஓரக்கண்ணால் பார்த்தாள். ரத்னா ஒரு கையை நீட்டி அண்ணனிடமிருந்து போத்தலை வாங்கினாள். மூடியைப் பல்லால் கடித்து இழுத்தாள். தலையை அண்ணாந்தாள்.

பிரேமினி பாய்ந்தாள்.

யோசித்துச் செய்ததில்லை அது. கொப்பியில் எழுதியதும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் ஆரம்பித்து வைத்தாள், ரத்னா துரத்தினாள். தண்ணீர் புரைக்கேறி ரத்னா இருமுவது கேட்டது. போத்தல் தரையில் விழுந்து உருண்டது. திரையில் இடைவெளி இருபது மீட்டர், இருபத்தைந்து மீட்டர். பிறகு களுக், களுக், களுக் என்று மூன்று கியர் விழுந்தது. இருபது. பதினைந்து. சோலைமலை இப்போது ஹோலுக்குள்ளேயே வந்துவிட்டார். துஷாந்த் பெண்டாட்டிக்குக் கைதட்டினான். சைக்கிள் இரண்டும் தாங்கியோடு சேர்ந்து ஆட, கீழே மருந்துக் கடையில் இருந்த பையன்கள் என்னவோ ஏதோ என்று படியில் ஏறி வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"விடாத" என்று கத்தினான் ஜனார்த்தனன். யாருக்குச் சொன்னான் என்று கடைசிவரை அவன் சொல்லவே இல்லை.

எட்டு மீட்டர். ஐந்து. ரத்னாவின் பொம்மையின் முன் சக்கரம் பிரேமினியின் திரையில் பக்கவாட்டில் தெரிந்தது. பிரேமினி கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணோடு இருபது மிதி மிதித்தாள்.

திறந்தபோது திரையில் பெயர்கள் வரிசையாக ஏறின. பன்னிரண்டாவது பெயர் அவளுடையது. பதின்மூன்றாவது ரத்னாவுடையது. வித்தியாசம் அரை விநாடியிலும் குறைவு.

பிரேமினி இறங்கப் பார்த்தாள். கால் மடங்க மறுத்தது. கெண்டைக்கால் கட்டைபோல் இறுகிவிட்டது. ரத்னா தன் சைக்கிளிலிருந்து தடுமாறி இறங்கி வந்து, குனிந்து, அவளுடைய சப்பாத்தைக் கழற்றி, பாதத்தை மேல்நோக்கி அழுத்திப் பிடித்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"தண்ணி குடிக்கிற நேரத்துல போனது தப்புதான் ரத்னா. வேணும்னா இத கணக்குல சேக்க வேணாம்."

"ஏன் சேக்க வேணாம்? நல்லாத்தான் போனீங்க. நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்." ரத்னா இன்னும் ஒரு தரம் பாதத்தை அழுத்தினாள். பிறகு நிமிர்ந்தாள். "ஒண்ணு கேக்குறேன் அண்ணி. ஒரு தடவ தோத்ததுக்கே எனக்கு இங்க எரியுது. பதினொரு தடவ தோத்துட்டு எப்படி திரும்பித் திரும்பி வந்தீங்க?"

பிரேமினி யோசித்துப் பார்த்தாள்.

"சனிக்கிழமை விடிஞ்சா நெஞ்சு படபடன்னு அடிக்கும். சோறு எறங்காது. வேற எந்த நாளும் எனக்கு அப்படி அடிக்கிறதில்ல. அதுக்காகத்தான் வந்தேன்."

ரத்னா அவளையே பார்த்தாள். அப்புறம் அடக்க முடியாமல் சிரிக்கத் தொடங்கினாள். பிரேமினிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் மறுபடி கால் இழுத்துக்கொள்ள, இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

பக்கத்து வீட்டிலிருந்து ஜனார்த்தனனுக்குப் போன் வந்தது. கொட்டகலையில் கரண்ட் வந்துவிட்டதாம். "அப்ப கெளம்புவமா?" என்று கேட்டு அவன் தாங்கியைக் கழற்றக் குனிந்தான்.

"அதத் தொடாதீங்க அண்ணே" என்றாள் ரத்னா. "நாளைக்கி காலையில ஏழரைக்கு இன்னொரு ரேஸ் இருக்கு. இருபத்தி ரெண்டு கிலோமீட்டர். அண்ணி இங்கதான் தங்குறாங்க. துஷாந்த், ரெண்டு பேர் பேரையும் பதிஞ்சிருங்க."

"இந்தக் காலோடயா?" என்று கேட்டான் ஜனார்த்தனன் பெண்டாட்டியைப் பார்த்து.

"பதியச் சொல்லுங்க" என்றாள் பிரேமினி, கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டே.

சோலைமலை படியில் பாதி இறங்கியிருந்தார். அங்கிருந்தே திரும்பிப் பார்த்தார்.

"ஏழரைக்கா டீச்சர்? அப்ப நான் ஏழு மணிக்கெல்லாம் வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.