அண்ணன் காட்டிய கர்னக்

நைமாவுக்கு வயது நாற்பத்தொன்று. எஸ்னாவுக்குப் பக்கத்துக் கிராமம். உலகமே விமானம் ஏறி வந்து வாயைப் பிளக்கும், அந்தக் காலத்து ஃபாரோ மன்னர்கள் கட்டிய கர்னக் கோயில் ஒரு மணி நேரத் தொலைவில்தான். அவள் அதன் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. பெருநாள் கழிந்த மூன்றாம் நாள் அண்ணன் ரகப் திடீரென வேனோடு வந்து, "கிளம்பு தங்கச்சி, குடும்பத்தோட ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்றபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பெட்டியிலிருந்த ஒரே நல்ல உடுப்பை மகள் வர்தாவுக்கு மாட்டிவிட்டாள்.

புருஷன் இறந்து நாலு வருஷமாகக் கொழுந்தன் வீட்டு மூலை அறையில் ஒண்டியிருந்தாள். அப்பா விட்டுப்போன கரும்பு வயலில் அவளுக்கும் பாகம் உண்டு. அதன் ஓரத்தில் இரண்டு அறை கட்டி மகளோடு போய்விட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஆனால் எங்கள் பக்கத்தில் பாகம் கேட்கிற தங்கச்சி ஊர் வாயில் விழுந்து எழவே முடியாது. ஒரு ஆட்டையோ ஒரு ஜோடி வளையலையோ கொடுத்து மனசைக் குளிரவைத்து, பாகத்தை எழுதி வாங்கிக்கொள்வதுதான் அண்ணன்மார் வழக்கம்.

கோயில் குளத்தருகே கல்லில் செதுக்கிய பெரிய வண்டு ஒன்று. அதை ஏழு சுற்று வந்தால் நினைத்தது நடக்குமாம்.

"சுத்து நைமா, புது மாப்பிள்ளை கேளு!" என்றாள் அண்ணன் மனைவி சபாஹ்.

"ஒருத்தனோட பட்டதே போதும் மதினி."

ஏழு சுற்றிலும் அவள் கேட்டது ஒன்றே. நிலத்தைப் பற்றி அண்ணன் தானாகவே வாயைத் திறக்க வேண்டும்.

திறந்தான். தூண் நிழலில் ரொட்டியையும் மொச்சை வடையையும் பிரித்ததும் திறந்தான்.

"உன் பாகத்தை எனக்கு எழுதிக் குடுத்திரு. நாளைக்கு வர்தாவைக் கட்டுறவன்னு எவனோ வருவான். அப்பாவோட மண்ணு அந்நியன் கைக்குப் போகலாமா?"

சட்டைப்பையிலிருந்து காகிதமும் மைப்பெட்டியும் வந்தன. சுற்றுலா எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. மற்ற பெண்களுக்கு ஆடாவது கிடைத்தது, தனக்குக் கல்லைக் காட்டியே கதையை முடிக்கிறானே என்று வயிறு எரிந்தது.

"மாட்டேன்னா?"

"பெருநாளுக்கு உன் வாசல்ல வந்து நிக்க அண்ணன்னு ஒருத்தன் இருக்கமாட்டான். அப்புறம் கொழுந்தன் வீட்டுல உன்னை எவன் மதிப்பான்?"

அது உண்மை. கேட்க ஆளில்லாத விதவையை அந்த வீடு ஒரு மாதம்கூட வைத்திருக்காது. அப்பா மண் அப்பா குடும்பத்திலேயே இருக்கட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு கட்டைவிரலை வைத்தாள்.

அவர்களை ஓட்டிவந்த வேன்காரர் ஷஹாத் காகிதத்தை வாங்கி இருமுறை படித்தார். அவள் விரல் மை கழுவ அவரே தண்ணீரும் ஊற்றினார்.

"நல்ல மண்ணும்மா. சனிக்கிழமை அஸ்திவாரம் தோண்டுறேன், கடையோட சேர்த்து மூணு மாடி. உங்கண்ணன் என்கிட்ட முன்பணம் வாங்கி ரெண்டு மாசமாச்சு. உங்க ரேகைக்குத்தான் காத்திருந்தோம். இன்னிக்கு வண்டி, டிக்கெட்டு, சாப்பாடு எல்லாமே என் செலவு."

நைமா திரும்பினாள். ரகப் அண்ணாந்து தூணின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான், என்னவோ அதைக் கட்டிய கொத்தனாரே தான் என்பதுபோல.

"மண்ணு அந்நியன் கைக்குப் போகக்கூடாதுன்னியே அண்ணே," என்றாள், பக்கத்துத் தூணடியில் சாப்பிட்டவர்களும் திரும்பிப் பார்க்கும்படி. "அது அப்பா செத்த அன்னைக்கே உன் கைக்கு வந்துருச்சேடா!"

வர்தாவை இழுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். கையில் காசில்லை, ஊருக்கு வேறு வண்டியும் இல்லை. அதே வேனில்தான் ஏறவேண்டியிருந்தது.